கமிஷன் பூஜ்யம் என்றால் பில் எங்கே வருகிறது? இணையப் பங்குத் தரகரைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

1792 மே 17 அன்று நியூயார்க்கில் 24 தரகர்கள் கூடி இரண்டே வாக்கியத்தில் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். தங்களுக்குள் முன்னுரிமை கொடுத்துக்கொள்வது ஒன்று. யாரிடமும் கால் சதவீதத்துக்குக் குறைவாகத் தரகு வாங்குவதில்லை என்பது இன்னொன்று. விலைபேச இடமில்லாத இந்த ஏற்பாடு அமெரிக்காவில் 1975 மே 1 வரை நீடித்தது. லண்டனில் 1986 அக்டோபர் 27 வரை. அதன் பிறகு தரகு இறங்கத் தொடங்கியது. இணையம் வந்ததும் சரிந்தது. 2019 அக்டோபரில் சார்லஸ் ஷ்வாப் என்ற அமெரிக்கத் தரகு நிறுவனம் ஓர் ஆர்டருக்கு 4.95 டாலர் வாங்கிவந்ததை ஒரேயடியாகப் பூஜ்யமாக்கியது. டிடி அமெரிட்ரேடும் இ-டிரேடும் சில நாட்களிலேயே பின்தொடர்ந்தன.

அதே 2019-ல் ஷ்வாபின் நிகர வருவாயில் பாதிக்கும் மேல் வட்டி வருமானம். வாடிக்கையாளர்கள் கணக்கில் சும்மா போட்டுவைத்திருந்த பணத்துக்குக் கொஞ்சம் வட்டி கொடுத்து, அதையே வெளியில் அதிக வட்டிக்கு விட்டதில் கிடைத்த லாபம் அது. தரகை விட்டுக்கொடுக்க முடிந்ததற்குக் காரணம் வேறு வழியில் வரும்படி இருந்ததுதான். எந்தத் தரகரின் கட்டணப் பட்டியலைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்தே பிறக்கிறது: இவர்கள் எதில் சம்பாதிக்கிறார்கள், அந்த இடத்தில் நான் நிற்கிறேனா?

கடனுக்கு வாங்காதவரிடமிருந்து மார்ஜின் வட்டி வராது. வெளிநாட்டுப் பங்கைத் தொடாதவரிடம் நாணய மாற்றில் ஒன்றும் பிடிக்க முடியாது. ஆகவே “எந்தத் தரகர் மலிவு?” என்று பொதுவாகக் கேட்டால் அதற்குப் பதில் கிடையாது. ஒரே தரகர் ஒருவருக்கு மலிவாகவும் அவர் தம்பிக்கு விலை அதிகமாகவும் இருப்பார்.

முதலில் உங்கள் பழக்கம், பிறகு பட்டியல்

கட்டண ஒப்பீட்டுத் தளங்களைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் ஐந்து எண்களை எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு எத்தனை ஆர்டர் போடுவீர்கள், ஓர் ஆர்டரின் சராசரித் தொகை என்ன, மொத்தம் எவ்வளவு மதிப்புள்ள பங்குகள் கணக்கில் இருக்கும், முதலீடு செய்யாமல் எவ்வளவு பணம் கிடக்கும், வாங்குவதில் எவ்வளவு வேற்று நாணயத்தில் இருக்கும். புதிதாகத் தொடங்குபவர் உத்தேசமாகப் போட்டால் போதும். ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் கடந்த ஆண்டு அறிக்கையைப் பார்த்து எழுதட்டும். நினைவை நம்பினால் ஆர்டர்களின் எண்ணிக்கை எப்போதும் குறைவாகத்தான் வரும்.

இரண்டு கற்பனைத் தரகர்களை வைத்துக் கணக்குப் போடலாம். நாணயம் எதுவாகவும் இருக்கட்டும்.

முதல் தரகர் ஓர் ஆர்டருக்கு 0.3% தரகு வாங்குகிறார், குறைந்தபட்சம் 20. ஆண்டுக் கட்டணம் இல்லை. நாணய மாற்றுக்கு 0.2%. சும்மா இருக்கும் பணத்துக்கு 3% வட்டி தருகிறார். இரண்டாமவர் தரகே வாங்குவதில்லை. ஆனால் கணக்கில் இருக்கும் பங்குகளின் மதிப்பில் ஆண்டுக்கு 0.25% பராமரிப்புக் கட்டணம், நாணய மாற்றுக்கு 1%, சும்மா இருக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது.

மாதம் 1,000 வீதம் உள்ளூர்ப் பங்கு வாங்கத் தொடங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் தரகரிடம் 0.3% என்பது 3 தான். ஆனால் குறைந்தபட்சம் 20 என்பதால் 12 ஆர்டருக்கு 240 போகிறது. போட்ட 12,000-ல் இது 2%. இரண்டாமவரிடம் ஆண்டின் சராசரி இருப்பு 6,500 அளவில் இருக்கும், அதில் 0.25% சுமார் 16. கேள்விக்கே இடமில்லை, இரண்டாமவர்தான்.

இன்னொருவரிடம் 4,00,000 மதிப்புள்ள பங்குகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டே ஆர்டர், ஒவ்வொன்றும் 20,000. கணக்கில் 25,000 எப்போதும் தங்கியிருக்கிறது. முதல் தரகரிடம் தரகு 120 போய், வட்டி 750 வருகிறது. ஆக 630 மிச்சம். இரண்டாமவரிடம் தரகு ஒன்றுமில்லை, ஆனால் பராமரிப்பு 1,000. இரண்டுக்கும் இடைவெளி ஆண்டுக்கு 1,630. விளம்பரத்தில் பூஜ்யம் என்று போட்டவர்தான் இவருக்கு விலை அதிகமானவர்.

முதலாமவருக்கே திரும்புவோம். அவர் அதே 12,000-ஐ வெளிநாட்டுப் பங்கில் போடுகிறார் என்றால் இரண்டாம் தரகரிடம் நாணய மாற்று 120, பராமரிப்பு 16, மொத்தம் 136. முதல் தரகரிடம் 240-உம் நாணய மாற்று 24-உம் சேர்ந்து 264. இன்னும் இரண்டாமவரே மலிவு. ஆனால் மாதாமாதம் வாங்காமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 3,000-ஆக வாங்கினால்? தரகு நான்கு முறை 20, அதாவது 80. நாணய மாற்றோடு 104. இப்போது முதல் தரகர் மலிவாகிவிட்டார். தரகரையும் மாற்றவில்லை, தொகையையும் மாற்றவில்லை. வாங்கும் தேதிகள் மட்டும் மாறின.

இதில் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டிய வகுத்தல் இரண்டு. குறைந்தபட்சத் தரகைச் சதவீதத்தால் வகுத்தால், எந்தத் தொகைக்குக் கீழே குறைந்தபட்சம் கடிக்கும் என்று தெரியும்: 20-ஐ 0.003-ஆல் வகுத்தால் சுமார் 6,667. அதற்குக் கீழே போடும் ஒவ்வொரு ஆர்டரும் அறிவித்த சதவீதத்தைவிட அதிகம் கொடுக்கிறது. அதேபோல், ஒருவர் ஆண்டுக்கு நிலையாக 100 வாங்குகிறார், மற்றவர் 0.25% வாங்குகிறார் என்றால், 100-ஐ 0.0025-ஆல் வகுத்துக் கிடைக்கும் 40,000-தான் எல்லைக்கோடு. இருப்பு அதைத் தாண்டும் நாளில் சதவீதக் கட்டணத்திலிருந்து நிலையான கட்டணத்துக்கு மாறுவதைப் பற்றி யோசிக்கலாம். சதவீதக் கட்டணம் இருப்போடு சேர்ந்து வளர்ந்துகொண்டே போகும். தரகர் செய்யும் வேலை மட்டும் அப்படி வளர்வதில்லை.

வாங்கு விலைக்கும் விற்பு விலைக்கும் நடுவே

எந்தப் பட்டியலிலும் வராத செலவு ஒன்று உண்டு. ஒரு பங்கை 99.90-க்கு வாங்க ஆள் இருக்கிறது, 100.10-க்கு விற்க ஆள் இருக்கிறது என்றால் நடு விலை 100. நீங்கள் உடனே வாங்கினால் 100.10 கொடுக்கிறீர்கள்; உடனே விற்றால் 99.90 கிடைக்கிறது. போய்வந்ததில் 0.20% காணாமல் போயிற்று. சந்தையில் இதை ஸ்ப்ரெட் என்பார்கள். தினமும் பெருமளவில் கைமாறும் பெரிய நிறுவனப் பங்கில் இது அற்பம். நாளொன்றுக்குச் சில ஆயிரம் மட்டுமே கைமாறும் சிறு நிறுவனப் பங்கில் 2% கூட இருக்கும். அங்கே தரகு 0.1% குறைவு என்று தரகர் மாறுவதில் அர்த்தமே இல்லை.

வட்டியைத் தவிர இந்த இடைவெளியிலும் அமெரிக்காவின் பூஜ்யத் தரகு ஓடுகிறது. வாடிக்கையாளர் போடும் ஆர்டரைத் தரகர் நேராகப் பங்குச் சந்தைக்கு அனுப்பாமல், எப்போதும் வாங்கவும் விற்கவும் தயாராக நின்று சந்தை உருவாக்கும் பெரிய நிறுவனம் ஒன்றிடம் அனுப்புவார். அந்த நிறுவனம் ஸ்ப்ரெட்டில் சம்பாதித்து, ஆர்டரைக் கொண்டுவந்ததற்காகத் தரகருக்கு அதில் ஒரு பகுதியைக் கொடுக்கும். வாடிக்கையாளருக்குச் சில சமயம் சந்தை விலையைவிடச் சற்று நல்ல விலையே கிடைப்பதும் உண்டு. சிக்கல் எங்கே என்றால், தனக்கு அதிகம் கொடுப்பவரிடமா, வாடிக்கையாளருக்கு நல்ல விலை கொடுப்பவரிடமா, யாரிடம் அனுப்புவது என்ற முடிவு தரகர் கையில் இருக்கிறது. 2020 டிசம்பரில் தரகு வாங்காத ராபின்ஹுட் செயலியின் நிறுவனம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துடன் 6.5 கோடி டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது. குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இந்த வருமானத்தை வாடிக்கையாளர்களிடம் சரியாகச் சொல்லவில்லை என்பதும், சிறந்த விலை பெற்றுத்தரும் கடமையில் தவறியது என்பதும் குற்றச்சாட்டு. தரகு இல்லாததால் மிச்சமானதைக் கழித்த பிறகும் வாடிக்கையாளர்கள் 3.41 கோடி டாலர் இழந்தார்கள் என்று ஆணையத்தின் உத்தரவு கணக்குச் சொன்னது. பிரிட்டனில் இந்த வழக்கத்துக்கு இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியமும் தடை செய்து சட்டம் இயற்றிவிட்டது.

நமக்குள்ள தற்காப்பு எளிது: லிமிட் ஆர்டர். “100.05-க்கு மேல் கொடுக்க மாட்டேன்” என்று எல்லை கட்டிப் போடுவது. மார்க்கெட் ஆர்டர் என்பது எந்த விலையானாலும் சரி என்று கையெழுத்திட்டுக் கொடுப்பதற்குச் சமம். சந்தை திறந்த முதல் சில நிமிடங்களில், ஸ்ப்ரெட் அகன்று கிடக்கும்போது, அப்படிக் கொடுப்பது வீண் செலவு. தரகர் எப்படி நிறைவேற்றுகிறார் என்று சோதிக்க வேண்டுமானால், ஆர்டர் போடும் கணத்தில் திரையில் தெரியும் வாங்கு, விற்பு விலைகளைக் குறித்துவைத்து, பிறகு தரகர் அனுப்பும் ரசீதான ஒப்பந்தச் சீட்டில் வந்த விலையோடு ஒப்பிடுங்கள். ஓர் ஆர்டரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இருபது ஆர்டர் ஆன பிறகு எல்லா வித்தியாசமும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அதற்குப் பொருள் உண்டு.

நாணய மாற்று என்னும் ஓட்டை

வெளிநாட்டுப் பங்கு வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. “வெளிநாட்டுப் பங்குக்கும் தரகு இல்லை” என்று பெரிய எழுத்தில் இருக்கும். நாணய மாற்றுக் கட்டணம் அதே பக்கத்தில் இருக்காது. வேறொரு ஆவணத்தில், சில சமயம் “மாற்று விகிதத்தில் சேர்க்கப்பட்டிருக்கும்” என்ற ஒற்றை வரியில் இருக்கும். அப்படிச் சேர்த்துவிட்டால் ஒப்பந்தச் சீட்டில் தனி வரியாகவும் வராது. கண்டுபிடிக்க ஒரே வழி, மாற்றிய அதே நிமிடத்தில் சந்தையின் நடு விகிதம் என்ன என்று பார்த்து, தரகர் கொடுத்த விகிதத்தோடு ஒப்பிட்டுச் சதவீதம் போடுவது.

இதைவிட முக்கியமான கேள்வி: கணக்கில் வெளிநாட்டு நாணயத்தை அப்படியே வைத்திருக்க முடியுமா? முடியாது என்றால், ஒரு பங்கை விற்று இன்னொன்றை வாங்கும்போது பணம் உள்ளூர் நாணயத்துக்கு வந்து மறுபடியும் திரும்பிப் போகும். 1% கட்டணம் இருமுறை பிடிபட்டு 2% ஆகிறது, நீங்கள் அந்த நாட்டை விட்டு வெளியே வரவே இல்லை என்றாலும். ஈவுத்தொகை வரும்போதும் இதே கதை. அடிக்கடி பங்கு மாற்றுபவருக்கு இந்த ஒரு வசதி தரகுக் கட்டணத்தைவிடப் பல மடங்கு பெறும்.

அமெரிக்கப் பங்கு என்றால் கூடவே ஒரு படிவம் வரும்: டபிள்யூ-8பென். அமெரிக்கக் குடிமகனோ அங்கு வரிக்கு உட்பட்ட குடியிருப்பாளரோ அல்லாதவரின் ஈவுத்தொகையில் 30% பிடித்தம் செய்வது அங்கே பொது விதி. நாடுகளுக்கிடையே வரி ஒப்பந்தம் இருந்தால், இந்தப் படிவத்தைக் கொடுப்பவருக்கு அது குறையும். இந்தியருக்கு அது 25%. கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் இறுதிவரை படிவம் செல்லும். அதன் பிறகு புதுப்பிக்காவிட்டால் குறைந்த விகிதம் போய்விடும். தரகர் அனுப்பும் நினைவூட்டல் மின்னஞ்சல் விளம்பரங்களோடு விளம்பரமாகக் கிடந்து மறந்துபோவதுதான் வழக்கமாக நடப்பது.

தரகர் கையில் இல்லாதவையும், சில்லறைகளும்

ஒப்பந்தச் சீட்டைத் திறந்தால் தரகுக்குக் கீழே வேறு வரிகள் இருக்கும். அரசு வரியும் சந்தைக் கட்டணமும் எந்தத் தரகரிடம் போனாலும் உண்டு. பிரிட்டனில் பங்கு வாங்கும்போது 0.5% முத்திரை வரி. ஹாங்காங்கில் வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் 0.1%. இந்தியாவில் டெலிவரியாக, அதாவது அன்றே விற்காமல் கணக்கில் எடுக்கும் பங்குக்கு வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1% பங்குப் பரிவர்த்தனை வரி, தரகின் மேல் 18% ஜிஎஸ்டி. இவற்றைத் தரகர் தள்ளுபடி செய்ய முடியாது. ஆனால் இந்தப் பெயர்களின் நிழலில் தனக்கும் ஒரு தொகையைச் சேர்த்துக்கொள்ள முடியும். இந்தியாவில் சந்தைகள் மாத விற்றுமுதலைப் பொறுத்துத் தரகர்களுக்குப் படிப்படியாகக் குறைந்த கட்டணம் விதித்துவந்தன. வாடிக்கையாளரிடம் அதிகப் படியில் வசூலித்து, சந்தைக்குக் குறைந்த படியில் கட்டிய பெரிய தரகர்களுக்கு நடுவிலுள்ள வித்தியாசம் லாபமாக நின்றது. 2024 ஜூலையில் இந்தியப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி சுற்றறிக்கை விட்டு, அக்டோபர் 1 முதல் எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்று ஆக்கியது. அதையொட்டிச் சில தரகர்கள் பூஜ்யமாக இருந்த கட்டணங்களை மறுபரிசீலனை செய்ததில் வியப்பில்லை.

ஒவ்வொரு வரியையும் புரிந்துகொள்ள நேரமில்லை என்றால் ஒரே கணக்குப் போதும். கணக்கிலிருந்து போன மொத்தத் தொகையிலிருந்து, பங்கு விலையை எண்ணிக்கையால் பெருக்கி வருவதைக் கழியுங்கள். மீதியை அதே பெருக்குத்தொகையால் வகுத்தால் அந்த ஆர்டரின் உண்மையான செலவுச் சதவீதம். விற்றதற்கும் இதையே திருப்பிப் போடலாம்.

விற்கும்போது மட்டும் முளைக்கும் கட்டணமும் உண்டு. இந்தியாவில் பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டிமேட் கணக்கிலிருந்து பங்கு வெளியேறும்போது ஒரு நிறுவனப் பங்குக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பிடிப்பார்கள். ஒரு பங்கு விற்றாலும் ஆயிரம் விற்றாலும் அதே தொகை. கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து நாள் விற்றால் ஐந்து முறை. சிறு தொகைக்காரரின் லாபத்தை இது தின்றுவிடும். ஒரே நாளில் விற்றால் ஒருமுறையோடு முடியும்.

மற்றவை சுருக்கமாக: தொலைபேசியில் ஆர்டர் சொன்னால் தனிக் கட்டணம், அன்றே விற்று முடிப்பதாக வாங்கியதை நீங்கள் முடிக்காமல் தரகரே முடித்தால் அதற்கொன்று, நீண்ட காலம் ஆர்டரே போடாவிட்டால் செயலற்ற கணக்குக் கட்டணம், உடனடி விலைத் தரவுக்கு மாதச் சந்தா. “முதலாண்டு இலவசம்” என்று எழுதியிருந்தால் இரண்டாமாண்டுத் தொகையைத் தேடிப் பிடியுங்கள்.

கடன் என்று சொல்லாமல் வரும் கடன்

கணக்குத் திறக்கும் படிவத்தில் ரொக்கக் கணக்கா, மார்ஜின் கணக்கா என்று ஒரு தெரிவு இருக்கும். சில செயலிகளில் மார்ஜின் ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருக்கும். அது தரகரிடம் கடன் வாங்கிப் பங்கு வாங்கும் உரிமை. “வாங்கும் திறன் 20,000” என்று திரை காட்டுவதில் உங்கள் பணம் 10,000, மீதி கடன். ஆண்டுக்கு 9% வட்டி என்றால் 10,000-க்கு ஒரு நாளைக்கு சுமார் 2.47. வார இறுதி, விடுமுறை எல்லாம் சேர்த்து ஓடும். சிலர் மாத வட்டியாக 1.5% என்று எழுதுவார்கள், பார்க்கச் சிறியது. ஆண்டுக்கு அது 18%. விலை இறங்கி, உங்கள் பணத்தின் விகிதம் வரம்புக்குக் கீழே போனால் கூடுதல் பணம் கேட்பார்கள். தராவிட்டால் கேட்காமலே விற்றுவிடலாம் என்று ஒப்பந்தத்தில் நீங்களே ஒப்புக்கொண்டிருப்பீர்கள். பெரும்பாலும் விலை அடிமட்டத்தில் இருக்கும் நாளிலேயே அது நடக்கிறது.

மார்ஜின் கணக்குக்கு இன்னொரு விளைவும் உண்டு. அமெரிக்க விதிப்படி, வாடிக்கையாளர் பட்ட கடனில் 140% மதிப்பு வரையிலான பங்குகளைத் தரகர் தன் தேவைக்கு அடமானம் வைக்கலாம். கடனே வாங்கப் போவதில்லை என்றால் ரொக்கக் கணக்கைத் தேர்ந்தெடுங்கள்.

பங்கு யார் பெயரில்?

கட்டணத்தை ஒப்பிடுபவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்பதே இல்லை. இந்தியாவில் பங்குகள் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் என்ற காப்பகத்தில் முதலீட்டாளரின் பெயரிலேயே பதிவாகின்றன; தரகர் இடையில் நிற்கும் முகவர். அமெரிக்காவில் பெரும்பாலான பங்குகள் பதிவேட்டில் சீட் அண்ட் கோ என்ற, மையக் காப்பகத்தின் சார்பிலான ஒரே பெயரில் இருக்கின்றன. தரகரிடம் எவ்வளவு, தரகரிடம் உங்களுக்கு எவ்வளவு என்பது அடுத்தடுத்த கணக்குப் புத்தகங்களில்தான். இரண்டு முறையும் பல காலமாக நடப்பவையே. ஆனால் தரகர் நொடிந்தால் எதைக் கொண்டு உங்கள் உரிமையை நிரூபிப்பீர்கள் என்பது இரண்டிலும் வேறு.

சொந்தப் பெயரில் இருந்தாலும் ஓட்டை உண்டு என்பதற்கு 2019 நவம்பர் சாட்சி. ஹைதராபாத்தின் கார்வி பங்குத் தரகு நிறுவனம், வாடிக்கையாளர்கள் கொடுத்த அதிகாரப் பத்திரத்தைப் பயன்படுத்தி அவர்களின் பங்குகளை வங்கிகளிடம் அடகு வைத்திருந்ததைக் கண்டு, புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்க செபி தடை விதித்தது. அதன் பின் அடமான முறை மாறியது. பரந்த அதிகாரப் பத்திரத்துக்குப் பதிலாகக் குறிப்பிட்ட சில செயல்களுக்கு மட்டும் அனுமதி தரும் ஆவணம் 2022-ல் வந்தது. கணக்குத் திறக்கும்போது கேட்கும் அனுமதிகளை வாசிக்காமல் ஓடிபி போடுவதற்கு முன் இது நினைவிருக்கட்டும். ஒவ்வொரு விற்பனைக்கும் தனியாக ஒப்புதல் தருவது தொல்லைதான். அந்தத் தொல்லையே பூட்டு.

இழப்பீட்டு நிதிகளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. அமெரிக்காவில் முதலீட்டாளர் காப்பு அமைப்பான எஸ்ஐபிசி 5,00,000 டாலர் வரை காப்பு தருகிறது, அதில் ரொக்கத்துக்கு 2,50,000. ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தபட்சம் 20,000 யூரோ. இவை தரகர் நொடிந்து பங்கோ பணமோ காணாமல் போனால் மட்டும். விலை இறங்கிய நஷ்டத்துக்கு யாரும் தர மாட்டார்கள். பணம் திரும்பக் கிடைத்தாலும் காத்திருக்க வேண்டியிருக்கும்: 2011 அக்டோபரில் எம்எஃப் குளோபல் என்ற அமெரிக்கத் தரகு நிறுவனம் நொடிந்தபோது வாடிக்கையாளர் பணத்தில் சுமார் 160 கோடி டாலர் பற்றாக்குறை ஆயிற்று, முழுப் பணமும் திரும்ப ஆண்டுகள் பிடித்தன.

பல செயலிகளில் நீங்கள் வாங்குவது பங்கே அல்ல என்பதும் உண்டு. விலை வித்தியாசத்துக்கு மட்டும் பந்தயம் கட்டும் சிஎஃப்டி ஒப்பந்தம் அது. தரகு இல்லை என்பார்கள். ஆனால் ஒவ்வொரு இரவும் வட்டி ஓடும், வாக்குரிமை இல்லை. சில்லறைக் கணக்குகளில் 74% முதல் 89% வரை இதில் நஷ்டமடைவதாக ஐரோப்பியக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் சொன்னது. அதன் பிறகே ஒவ்வொரு நிறுவனமும் தன் வாடிக்கையாளரின் நஷ்டச் சதவீதத்தை விளம்பரத்தில் போட வேண்டியதாயிற்று. அங்கே ஒரு செயலியின் முகப்பில் அப்படியொரு சதவீதம் தெரிந்தால் எந்தக் கடைக்குள் நுழைகிறீர்கள் என்று புரியும்.

திறப்பதும் மாறுவதும்

உரிமம் சரிபார்ப்பதைத் தரகரின் இணையதளத்திலிருந்து தொடங்காதீர்கள். கட்டுப்பாட்டு அமைப்பின் தளத்துக்கு நேராகப் போய், அங்கே பதிவான பெயர், பதிவு எண், இணைய முகவரி ஆகியவற்றைத் தரகர் சொல்வதோடு ஒப்பிடுங்கள். உண்மையான நிறுவனத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் அப்படியே திருடி, ஓர் எழுத்து மாற்றிய முகவரியில் போலிச் செயலி நடத்துவது இன்று சாதாரண மோசடி. பெயர் பொருந்தும், முகவரிதான் காட்டிக்கொடுக்கும். பணத்தைத் தனிநபர் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை.

கணக்குத் திறந்தவுடன் சிறு தொகை போட்டு, ஒரு பங்கு வாங்கி, விற்று, பணத்தை வங்கிக்குத் திருப்பி எடுத்துப் பாருங்கள். போடுவது எல்லாத் தரகரிடமும் நொடியில் நடக்கும், எடுப்பதில்தான் குணம் தெரியும். செட்டில்மென்ட் காலத்தை, அதாவது பங்கும் பணமும் கைமாறி முடியும் நாளை, இதில் மறக்க வேண்டாம். இந்தியாவில் 2023 ஜனவரி முதலும் அமெரிக்காவில் 2024 மே 28 முதலும் விற்ற மறுநாள் வேலைநாளில் கணக்கு முடிகிறது. அந்த ஒரு நாளைத் தாமதம் என்று சொல்ல முடியாது.

சந்தை கொந்தளிக்கும் நாளில் என்ன ஆகும் என்பதை முன்கூட்டிச் சோதிக்க வழியில்லை. 2021 ஜனவரி 28 அன்று, விலை தாறுமாறாக ஏறியிருந்த கேம்ஸ்டாப் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பங்கை வாங்கப் பல செயலிகள் தடை போட்டன. பலர் நினைத்ததுபோல் பின்னால் சதி இருக்கவில்லை. அன்று அதிகாலையில் தரகர்களிடையே கணக்கை முடித்துவைக்கும் தீர்வகம் ராபின்ஹுட்டிடம் மட்டும் சுமார் 300 கோடி டாலர் கூடுதல் டெபாசிட் கேட்டது, பிறகு குறைத்துக்கொண்டது. தரகரின் மூலதன பலம் வாடிக்கையாளரைத் தொடும் இடம் இது. பெரிய தொகை வைத்திருப்பவர் இரண்டாவது தரகரிடமும் ஒரு கணக்கைத் திறந்துவைப்பது நல்லது. அந்தக் கணக்குக்கு ஆண்டுக் கட்டணம் இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

தரகரை மாற்றும்போது பங்குகளை விற்றுப் பணமாக்கிக் கொண்டுபோகாதீர்கள். விற்றால் லாபத்துக்கு வரி வரும், சந்தையில் இல்லாத சில நாட்களில் விலை ஓடிவிடலாம். பங்குகளை அப்படியே மாற்றும் வழி எல்லா வளர்ந்த சந்தையிலும் உண்டு. முதலில் புதிய தரகரிடம் விண்ணப்பிக்க வேண்டுமா, பழையவரிடமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியேறும் கட்டணம் ஒரு பங்குக்கு இவ்வளவு என்றா, மொத்தக் கணக்குக்கு இவ்வளவு என்றா என்பதைக் கணக்குத் திறக்கும் முன்பே பார்த்துவைத்திருந்தால் இப்போது அதிர்ச்சி இராது. பல புதிய தரகர்கள் கேட்டால் இந்தக் கட்டணத்தைத் தாங்களே ஈடுசெய்வார்கள். கேட்காதவருக்குத் தர மாட்டார்கள். அரைப் பங்கு, கால் பங்கு என்று துண்டாக வாங்கியவை பெரும்பாலும் மாறாது, அவற்றை விற்றே ஆக வேண்டும். பங்குகள் வழியில் இருக்கும் சில நாட்கள் விற்கவும் முடியாது.

பழைய கணக்கை மூடும் முன் எல்லா ஆண்டுகளின் ஒப்பந்தச் சீட்டுகளையும் கணக்கு அறிக்கைகளையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பங்கு புதிய கணக்குக்கு வந்துவிடும். அதை என்று, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்ற விவரம் பல சமயம் கூட வராது. புதிய திரை வாங்கிய விலையைப் பூஜ்யம் என்றோ, மாற்றிய நாளின் விலை என்றோ காட்டும். சில ஆண்டு கழித்து விற்று வரிக் கணக்குப் போடும்போது அந்தப் பழைய சீட்டு தேவைப்படும். அதற்குள் மூடிய கணக்கின் கடவுச்சொல் வேலை செய்யாமல் போயிருக்கும்.